கோ பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: முதல் கல்லிலிருந்து 10 கியூ வரை

கோ சீனத்தில் பிறந்த ஆட்டம். அங்கே அதன் பெயர் வெய்ச்சி, கொரியாவில் பதுக், ஜப்பானில் இகோ. மற்ற நாடுகளுக்கு ஜப்பானியர் வழியாகப் போனதால் ஆட்டச் சொற்களில் பெரும்பாலானவை ஜப்பானிய மொழியில் இருக்கின்றன. தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். ஆட்டத்தின் பெயரும் கோ. ஒரே இடத்தில் ஒரு கல்லை மாறி மாறிப் பிடிக்கும் நிலைக்கும் கோ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே இரண்டாவதை ‘கோ சண்டை’ என்றே எழுதுகிறோம். தலைப்பில் உள்ள கியூ என்பது ஆடுகிறவரின் தரத்தைக் குறிக்கும் அளவு; விளக்கம் கீழே தனியாக இருக்கிறது.

எந்த அளவுக்கு விதி தெரிந்தால் முதல் ஆட்டத்தைத் தொடங்கலாம்?

பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் அளவு போதும். கல்லைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்கிறோம். கறுப்பு முதலில் வைக்கும், பிறகு மாறி மாறி. வைத்த கல் நகராது.

ஒரு கல்லை ஒட்டி, கோட்டின் வழியே இருக்கும் காலிப் புள்ளி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு மூச்சு. சீன மொழியில் இதற்கு வழங்கும் சொல்லின் பொருளும் மூச்சுதான். பலகை நடுவில் தனிக் கல்லுக்கு 4 மூச்சு, ஓரத்தில் 3, மூலையில் 2. குறுக்குமூலையில் இருப்பது கணக்கில் வராது. ஒரே நிறக் கற்கள் கோட்டின் வழியே ஒட்டியிருந்தால் ஒரே குழு. மூச்சு எல்லாருக்கும் பொது. கடைசி மூச்சையும் அடைத்துவிட்டால் குழு முழுவதும் பலகையை விட்டுப் போய்விடும். இன்னும் ஒரே மூச்சுதான் பாக்கி என்ற நிலைக்கு அட்டாரி என்று பெயர். எதிராளியைப் பிடித்தால் ஒழிய, மூச்சே இல்லாத இடத்தில் நீங்கள் கல் வைக்க முடியாது. கோ சண்டை விதி கீழே தனியாக இருக்கிறது. இருவரும் அடுத்தடுத்து ‘பாஸ்’ சொன்னால் ஆட்டம் முடிந்தது. அதிக இடத்தை வளைத்தவர் வென்றார்.

எந்தப் பலகையில் தொடங்குவது? நேராக 19-க்குப் போகலாமா?

போகலாம். ஆனால் கற்பது மெதுவாகும். 19 கோட்டுப் பலகையில் 361 புள்ளிகள். புதிதாக ஆடுகிறவர் முதல் நூறு கற்களை எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமலேயே வைத்து முடித்திருப்பார். 9 கோட்டுப் பலகையில் 81 புள்ளிதான். நாலாவது, ஐந்தாவது கல்லிலேயே இரு தரப்பும் மோதிக்கொள்ளும். செய்த தவறுக்கு இரண்டு நிமிடத்தில் விலை தெரிந்துவிடும், கால் மணி நேரத்தில் ஆட்டமும் முடியும்.

எங்கள் பரிந்துரை: 9 கோட்டில் 30 முதல் 50 ஆட்டம், பிறகு 13 கோட்டில் (169 புள்ளி) ஒரு 20, அதன் பின் 19. 13 கோட்டைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூலை, ஓரம் என்ற எண்ணம் முதலில் பிடிபடும் இடம் அதுதான். தாண்டாதீர்கள்.

எல்லா ஆட்டத்திலும் தோற்கிறேன். ஏதாவது தவறாகச் செய்கிறேனா?

‘முதல் 50 ஆட்டங்களைச் சீக்கிரம் தோற்றுவிடு’ என்பது கோ ஆடுகிறவர்களிடையே வழங்கும் பழைய வாக்கு. ஒரு குழு சாகப்போகிறது என்பதைக் கண் தானாகக் கண்டுகொள்ள வேண்டும். அது நூறு கற்கள் செத்த பிறகுதான் வரும், விளக்கத்தால் வராது. முதல் ஐம்பதில் ஒரு நகர்வுக்கு அரை நிமிடத்துக்கு மேல் யோசிக்க வேண்டாம்; யோசித்துப் பார்க்கத் தேவையான சரக்கு இன்னும் கையில் சேரவில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். எதிராளி கல் வைத்ததும், பதில் யோசிப்பதற்கு முன், அந்தக் கல்லைத் தொட்டிருக்கும் உங்கள் குழுக்களின் மூச்சை எண்ணுங்கள். ஒன்றா, இரண்டா, அதற்கு மேலா? ஆரம்பத் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையைத் தவறவிட்டதால் வருபவை.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இரு நிறங்களுக்கும் நடுவே உள்ள எல்லை முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஓட்டை இருந்தாலும் எதிராளி அதன் வழியே உள்ளே வரலாம். குறிப்பாக 1-ஆவது, 2-ஆவது கோடுகளைப் பாருங்கள். ஓட்டை விட்டுப்போவது அங்கேதான்.

அடுத்த கேள்வி, எதிராளி நிலத்துக்குள் தனியாகக் கிடக்கும் கல் உயிரோடு இருக்கிறதா, செத்ததா? செத்த கல்லைச் சுற்றி வளைத்துப் பிடித்து எடுக்க வேண்டிய அவசியமில்லை. தப்பிக்க வழியில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டால் அப்படியே எடுத்துவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஜப்பானிய முறையில் எண்ணும்போது சொந்த நிலத்துக்குள் வீணாகக் கல் வைத்தால் ஒரு புள்ளி போகும். அதனால் நிரூபிக்கத் தயக்கம் வரும். சீன முறையில் நிலமும் அதில் நிற்கும் கல்லும் இரண்டுமே புள்ளி. ஆகவே தொடர்ந்து ஆடி நிரூபித்துக் காட்டினாலும் நஷ்டமில்லை. புதியவர்கள் இருவர் ஆடினால் சீன முறையே நல்லது. இரண்டு முறையிலும் வரும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், மிஞ்சினால் ஒரு புள்ளி வித்தியாசம்.

வெள்ளை இரண்டாவதாக வைப்பதற்கு ஈடாகக் கொடுக்கும் புள்ளிக்குக் கோமி என்று பெயர். ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீனத்தில் 7.5. அந்த அரைப் புள்ளி சமன் வராமல் இருக்கத்தான்.

‘இரண்டு கண் இருந்தால் உயிர்’ என்கிறார்கள். எந்த வடிவம் உயிர், எது சாவு?

கண் என்பது உங்கள் குழு முழுதாகச் சூழ்ந்துள்ள காலி இடம். தனித்தனியாக இரண்டு கண் இருந்தால் எதிராளியால் இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்க முடியாது. அதனால் அந்தக் குழுவுக்குச் சாவே இல்லை. கேள்வியெல்லாம் ஒரே பெரிய காலி இடம் இருக்கும்போதுதான் எழுகிறது: அதை இரண்டாகப் பிரிக்க முடியுமா?

உள்ளே 2 புள்ளி மட்டும் என்றால் சாவு. 3 புள்ளி, நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும், யார் முதலில் நடுவில் வைக்கிறாரோ அவர் பக்கம்: நீங்கள் வைத்தால் இரு பக்கமும் ஒவ்வொரு கண், எதிராளி வைத்தால் பிரியாது. 4 புள்ளி நேராக இருந்தால் உயிர். நடுவில் உள்ள இரண்டில் ஒன்றை எதிராளி எடுத்தால் மற்றதை நீங்கள் எடுப்பீர்கள். அதனால் அங்கே முன்கூட்டியே கல் வைப்பது வீண். 4 புள்ளி சதுரமாக இருந்தால் சாவு. நீங்களே முதலில் வைத்தாலும் வளைந்த 3 தான் மிஞ்சும், எதிராளி அதன் நடுவில் வைப்பார். ஒன்றைச் சுற்றி மூன்றாக நிற்கும் 4 புள்ளிக்கு அந்த ஒன்றே உயிர்ப்புள்ளி. 5 புள்ளியில் இரண்டு வடிவங்கள் ஆபத்து: சதுரத்தோடு ஒரு வால் சேர்ந்தது, கூட்டல் குறி வடிவம். 6-இல் கூட்டல் குறியின் ஒரு மூலையில் இன்னொரு புள்ளி சேர்ந்த வடிவம். இவற்றுக்கெல்லாம் ஒரே உயிர்ப்புள்ளி, முந்துகிறவருக்கு. மற்ற 5, 6 புள்ளி வடிவங்கள் பொதுவாக உயிர். மூலையில் மட்டும் விதிவிலக்கு வரும், ஏனென்றால் அங்கே மூச்சு குறைவு.

பொய்க்கண்ணையும் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு புள்ளிக் கண்ணின் நான்கு குறுக்குமூலைகளில் இரண்டை எதிராளி பிடித்துவிட்டால் அது பொய்க்கண். பலகை ஓரத்திலோ மூலையிலோ என்றால் ஒன்றைப் பிடித்தாலே போதும். சுற்றியுள்ள கற்களில் ஒரு பகுதி அட்டாரிக்கு வந்ததும் அந்தக் கண்ணை நீங்களே அடைத்து இணைக்க வேண்டியிருக்கும். ‘இரண்டு கண் இருந்ததே, எப்படிச் செத்தது?’ என்று திகைக்கும்போது பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஏணி என்றால் என்ன? சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் கவிழ்கிறதே?

பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள். இடமிருந்து எத்தனையாவது கோடு என்பது முதல் எண், கீழிருந்து எத்தனையாவது என்பது இரண்டாவது. வெள்ளைக் கல் (3,3)-இல். கறுப்பு (2,3), (2,4), (3,2) மூன்றிலும். இப்போது கறுப்பு (4,3)-இல் வைத்தால் வெள்ளைக்கு அட்டாரி. வெள்ளை (3,4)-க்கு நீள்கிறது; அதற்கு இப்போது (4,4), (3,5) என இரண்டு மூச்சு. கறுப்பு (3,5). வெள்ளை (4,4). கறுப்பு (5,4). வெள்ளை (4,5). கறுப்பு (4,6). இப்படியே படிப்படியாக எதிர்மூலை வரை போகும். ஒவ்வொரு முறையும் வெள்ளைக்கு இரண்டு மூச்சு வரும், கறுப்பு ஒன்றை அடைக்கும். கடைசியில் ஓரம் வந்ததும் வெள்ளைக்குப் போக இடமில்லை. அதுவரை ஓடினால் 30-க்கு மேல் கற்கள் பறிபோகும்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, எந்தப் பக்கம் அட்டாரி கொடுப்பது என்பது. மேலே (3,5)-க்குப் பதிலாகக் கறுப்பு (4,4)-இல் வைத்திருந்தால் வெள்ளை (3,5)-க்கு நீண்டு மூன்று மூச்சு பெற்றுத் தப்பித்துவிடும். அடுத்த படியில் வெள்ளைக்கு இரண்டு மூச்சுக்கு மேல் வராத பக்கம் எது என்று பார்த்து வையுங்கள். இரண்டாவது, ஏணி போகும் பாதையில், உதாரணமாக (16,16)-இல், முன்பே ஒரு வெள்ளைக் கல் இருப்பது. அங்கே வந்து சேர்ந்ததும் வெள்ளைக்கு மூச்சு கூடிவிடும், ஏணி உடையும். அதன் பின் கறுப்புக்கு மீட்சி கிடையாது. ஏணியின் இரு பக்கமும் கறுப்புக் கற்கள் இணைப்பில்லாமல் நிற்கும், வெள்ளை ஒரே கல்லால் இரண்டிரண்டாக அட்டாரி கொடுக்கும்.

ஆகவே முதல் அட்டாரிக்கு முன்பே முழுப் பாதையையும் கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். உடையும் என்று தெரிந்தால் வலை போடுங்கள்: தொடாமல் ஒரு கோடு தள்ளி நின்று, எந்தப் பக்கம் ஓடினாலும் அடைக்கும்படி வைப்பது. வலைக்குத் தூரத்துக் கல்லைப் பற்றிக் கவலை இல்லை.

எதிராளி எங்கே வைத்தாலும் நான் அங்கேயே பதில் வைக்கிறேன். அது சரியா?

பத்து முறையில் நாலைந்து முறை தேவையே இருக்காது. ஒரு நகர்வுக்கு எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அது சென்டே. பதில் சொல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்றால் கோட்டே. தன் கல்லுக்குப் பதில் வந்துகொண்டே இருந்தால், எதிராளி பலகை முழுவதும் தான் விரும்பிய வரிசையில் கட்டிக்கொண்டு போவார்.

சோதிக்க ஒரு வழி: ‘நான் இங்கே பதில் வைக்காமல் விட்டால், அடுத்த ஒரே கல்லில் இவர் என்ன சாதிப்பார்?’ என்று கேளுங்கள். ஒரு குழுவைக் கொல்வார், அல்லது இரண்டாக வெட்டுவார் என்றால் பதில் வையுங்கள். இரண்டு மூன்று புள்ளிதான் என்றால் விட்டுவிட்டுப் பெரிய இடத்துக்குப் போங்கள். ஒரு கல்லைக் காப்பாற்ற நான்கு கல் செலவழிப்பதும் இதே நோய்தான். எதிராளியின் இரண்டு குழுக்களைப் பிரித்து நிற்கும் கல் என்றால் அது தங்கம், காப்பாற்றத்தான் வேண்டும். எதையும் பிரிக்காத கல்லைப் போக விடலாம்.

அட்டாரி கொடுக்க முடிகிறது என்பதற்காகவே கொடுப்பதும் ஆரம்பக்காரர் பழக்கம். பெரும்பாலும் எதிராளி ஒரு கல் நீட்டிப் பலமாகிவிடுவார். உங்களுக்கோ ஒரு வெட்டு இடம் புதிதாகத் திறந்திருக்கும்.

19 கோட்டில் தொடக்கம் எப்படி? ஜோசெகி மனப்பாடம் செய்ய வேண்டுமா?

முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு. காரணத்தை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: 3×3, அதாவது 9 புள்ளி நிலத்தை வளைக்க மூலையில் 6 கல் போதும், ஓரத்தில் 9, நடுவில் 12. மூலையில் பலகையின் விளிம்பே இரண்டு சுவராக நிற்கிறது. முதல் கற்களை 4-4 (இரு விளிம்பிலிருந்தும் 4-ஆவது கோடு) அல்லது 3-4 புள்ளியில் வையுங்கள். 3-ஆவது கோடு நிலத்துக்கு, 4-ஆவது கோடு நடுவை நோக்கிய பலத்துக்கு. ஓரத்தில் விரியும்போது 3-ஆவது கோட்டில் தனிக் கல் நின்றால் இரண்டு புள்ளி இடைவெளி விடுங்கள். இரண்டு கல் செங்குத்தாக நின்றால் மூன்று புள்ளி. அதற்கு மேல் விட்டால் நடுவில் புகுந்து பிரிப்பார்கள்.

ஜோசெகி என்பது மூலையில் இரு தரப்புக்கும் நியாயமாக முடியும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நகர்வு வரிசை. 10 கியூ வரை மனப்பாடம் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. எதிராளி வரிசையை விட்டு விலகிய கணத்தில் அதைத் தண்டிக்கத் தெரியாவிட்டால், மனப்பாடம் செய்தவருக்கே நஷ்டம். அதோடு ஜோசெகியும் மாறிக்கொண்டிருக்கிறது. 4-4 கல்லுக்கு அடியில் 3-3 புள்ளியில் ஆட்டத் தொடக்கத்திலேயே நுழைவது தவறு என்றுதான் நீண்ட காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆல்பாகோ என்ற கணினி நிரல் 2016 மார்ச்சில் சியோலில் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என வென்றது. அதைத் தொடர்ந்து வந்த நிரல்களின் ஆட்டத்தைப் பார்த்து, இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களே சகஜமாக அங்கே நுழைகிறார்கள்.

கியூ, டான் தரங்கள் எப்படி? ‘10 கியூ’ என்றால் எவ்வளவு தூரம் வந்தது போல?

புதியவர் 30 கியூ அல்லது 25 கியூவில் தொடங்குவார். எண் குறையக் குறையத் தரம் கூடும். 1 கியூவுக்கு மேல் 1 டான். பழகுநர் டான் தரம் பொதுவாக 7 வரை. தொழில்முறை டான் தனி, 1 முதல் 9 வரை. இந்த எண்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. 19 கோட்டில் ஒரு தர வித்தியாசத்துக்கு ஒரு முன்வைப்புக் கல். 15 கியூவும் 11 கியூவும் ஆடினால் 15 கியூக்காரர் கறுப்பாக 4 கல்லை நட்சத்திரப் புள்ளிகளில் (பலகையில் பொட்டு வைத்துக் குறித்த இடங்கள்) வைத்துவிட்டுத் தொடங்குவார். இப்படி 9 கல் வரை கொடுக்கலாம். ஒரே ஒரு தர வித்தியாசம் என்றால் கூடுதல் கல் இல்லை, கோமியை மட்டும் விட்டுக்கொடுப்பார்கள். இணையத் தளத்துக்குத் தளம் தரம் சில கல் மாறுபடும், அதனால் ஒரே தளத்தின் எண்ணை மட்டும் பாருங்கள்.

முன்வைப்புக் கல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலசாலியோடு உண்மையான போட்டியாக ஆட அதுவே வழி.

சாவு-உயிர்ப் புதிர்களை எப்படிப் போடுவது?

எளியவை, நிறைய, தினமும். நாளுக்கு 10 நிமிடம் போதும். ஒரு புதிர் அரை நிமிடத்தில் தெரிந்தால் அந்த அடுக்கு உங்களுக்குச் சரி. இரண்டு நிமிடம் பார்த்தும் வரவில்லை என்றால் விடையைப் பாருங்கள், மறுநாள் மறுபடி போடுங்கள். கல்லை நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது. ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. உங்கள் நகர்வைக் கண்டதும் நிறுத்தாமல், எதிராளியின் மிகக் கடுமையான பதிலைத் தேடுங்கள். ‘இங்கே வைப்பேன், அவர் அங்கே வைப்பார்’ என்று எதிராளிக்கு முட்டாள்தனமான பதிலைக் கொடுத்துவிட்டுப் புதிர் முடிந்தது என்று நினைப்பதே பலரையும் தேங்க வைக்கிறது.

15 கியூ அருகே மாதக்கணக்கில் நிற்கிறேன். என்ன குறை?

கல் பிடிக்கத் தெரிந்துவிட்டது, புதிரும் போட முடிகிறது, ஆனால் தரம் ஏறவில்லை. இந்தக் கட்டத்தில் ஆட்டம் போவது பலவீனக் குழுக்களால். கண் இல்லாத குழு ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு இருந்தால் எதிராளி ஒரே கல்லால் இரண்டையும் மிரட்டுவார், ஒன்று போய்விடும்.

ஏறக்குறைய 20 நகர்வுக்கு ஒருமுறை நிறுத்தி, பலகையில் உள்ள குழு ஒவ்வொன்றையும், இரு நிறத்தையும், மூன்றில் ஒன்றாகச் சொல்லுங்கள்: உயிர், ஓட வழி உண்டு, ஆபத்து. அடுத்த நகர்வு இந்தப் பட்டியலிலிருந்து வர வேண்டும். உங்களுடைய ஆபத்துக் குழுவை நடுவை நோக்கி ஒரு புள்ளி இடைவெளி விட்டுத் தாண்டி வெளியேற்றுங்கள். இல்லையென்றால் எதிராளியின் ஆபத்துக் குழுவைத் துரத்துங்கள். துரத்தும்போது கொல்ல வேண்டும் என்று இல்லை. அவர் வெறும் உயிருக்கு ஓடும்போது உங்களுக்கு வழியில் நிலம் சேர்கிறதா என்று பாருங்கள். ஒட்டிவைத்துத் துரத்தாதீர்கள், தொட்டால் எதிராளி பலமாகிறார். தள்ளி நின்று, உங்கள் நிலத்தின் பக்கமிருந்து விரட்டுங்கள்.

உங்கள் பலமான சுவரை ஒட்டியே நிலம் கட்டுவதும் இந்தத் தரத்துத் தவறுதான். சுவர் எதிராளியை அதை நோக்கி விரட்டுவதற்கு உதவும். அதன் அடியில் வளைத்தால் கிடைப்பது சொற்பம்.

கோ சண்டை வந்தாலே பயமாக இருக்கிறது.

எதிராளி உங்கள் ஒரு கல்லைப் பிடிக்கிறார். அடுத்த நொடியே அதே இடத்தில் நீங்கள் திருப்பிப் பிடித்தால் பலகை முந்தைய நிலைக்கே வரும், ஆட்டம் முடியாது. அதனால் உடனே பிடிக்கத் தடை. வேறோர் இடத்தில் ஒரு மிரட்டல் வைக்க வேண்டும். அவர் அதற்குப் பதில் வைத்தால் நீங்கள் இங்கே வந்து பிடிக்கலாம். சண்டையைத் தொடங்கும் முன் எண்ண வேண்டியது இரண்டுதான்: தோற்றால் எனக்கு எவ்வளவு போகும், என்னிடம் எத்தனை மிரட்டல் இருக்கிறது. தோற்றாலும் உங்களுக்குச் சிறிய நஷ்டம், அவருக்குப் பெரிய நஷ்டம் என்றால் தைரியமாக இறங்குங்கள். மிரட்டல் சண்டையின் மதிப்பைவிடச் சிறிதாக இருந்தால் அவர் கண்டுகொள்ளாமல் சண்டையை முடித்துவிடுவார்.

ஆடிய ஆட்டத்தைக் கணினியில் அலச வேண்டுமா?

வேண்டும், ஆனால் இரண்டாவதாக. முதலில் நீங்களே நகர்வு நகர்வாக ஓட்டி, தடுமாறிய மூன்று இடங்களையும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கடாகோ போன்ற இலவச நிரலைத் திறங்கள். அது வெற்றி வாய்ப்போடு எத்தனை புள்ளி முன்னிலை என்றும் சொல்லும். ஆரம்பக்காரருக்குப் புள்ளிக் கணக்கே பயன். ஒரே நகர்வில் 10 புள்ளிக்கு மேல் விழுந்த இடங்களை மட்டும் பாருங்கள். 2 புள்ளி, 3 புள்ளி வித்தியாசத்தைத் துரத்தினால் உங்களுக்குப் புரியாத நகர்வுகளை நகலெடுக்கத் தொடங்குவீர்கள். நிரல் காரணம் சொல்லாது. உங்களால் முடிந்தால் உங்களைவிட 5, 6 கல் பலமான ஒருவரிடம் அந்த மூன்று இடங்களைக் காட்டுங்கள்.

நேரில் ஆடப் போகிறேன். தெரிந்திருக்க வேண்டியவை?

பலகை முழுச் சதுரமாக இருக்காது, ஏறத்தாழ 42 × 45 செ.மீ.; நீளப் பக்கம் ஒருவரிடமிருந்து மற்றவரை நோக்கிப் போகும்படி வையுங்கள். சாய்வாகப் பார்க்கும்போது அதுதான் சதுரமாகத் தெரியும். சம தரத்தில் நிறம் தீர்மானிக்க, மூத்தவர் ஒரு கைப்பிடி வெள்ளைக் கல்லை எடுத்து மூடிக்கொள்வார், மற்றவர் ஒரு கறுப்புக் கல் வைத்தால் ‘ஒற்றை’, இரண்டு வைத்தால் ‘இரட்டை’. ஊகம் சரியாக இருந்தால் கறுப்பு அவருக்கு. கல்லை ஆட்காட்டி விரலின் நகப் பக்கத்துக்கும் நடுவிரலின் உட்புறத்துக்கும் நடுவே பிடித்து வைப்பது வழக்கம்; சில நாளில் பழகிவிடும். பிடித்த கற்களை ஜாடியின் மூடியில், எதிராளி எண்ணிக்கையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் ஜாடிக்குள் கையை விட்டு அளையாதீர்கள்.

கடிகாரத்தில் அடிப்படை நேரம் தீர்ந்ததும் பியோயோமி வரும். ‘30 நொடி, 5 முறை’ என்றால், 30 நொடிக்குள் வைத்தால் எதுவும் குறையாது. தாண்டினால் ஐந்தில் ஒன்று போகும். ஜப்பானிய முறையில் எண்ணும்போது, பிடித்த கற்களை எதிராளியின் நிலத்துக்குள் நிரப்பி, மிச்ச இடத்தைப் பத்துப் பத்தாக எண்ணும்படி செவ்வகமாக்குவார்கள். சீன முறையில் ஒரு நிறத்தை மட்டும் எண்ணினால் போதும்: 7.5 கோமியில் கறுப்புக்கு 185 இருந்தால் வெற்றி, 184 என்றால் தோல்வி. எண்ணி முடித்ததும் கற்களை உடனே அள்ளாமல், ‘எந்த இடத்தில் திரும்பியது?’ என்று எதிராளியிடம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு உட்கார்ந்து காட்டுவார்கள்.